எலும்புச் சீழுக்கு உள்ளேயே வைக்கும் ஆன்டிபயாட்டிக்: சிமென்ட் மணியா, கரையும் மணியா?

அண்ணன்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து உள்ளே ராடு போட்டார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை விழுந்து அதில் சீழ் கசிகிறது. ஊசி போடும்வரை அடங்கிக் கிடக்கிறது, நிறுத்தினால் திரும்பவும் ஆரம்பித்துவிடுகிறது. இப்போது சர்ஜன் ராடை எடுத்துவிட்டு, உள்ளே சுத்தம் செய்து, மருந்து கலந்த மணிகள் வைக்கலாம் என்கிறார். ஒன்று சிமென்ட் மணி, பிறகு வெளியே எடுக்க வேண்டும். இன்னொன்று தானாகக் கரைந்துவிடுமாம், செலவு கூடுதல்.

ரத்தத்தில் இத்தனை ஊசி போட்டும் கேட்காத கிருமி, அதே மருந்தை மணியாக வைத்தால் மட்டும் எப்படிக் கேட்கும்? இரண்டில் எது? மணி வைத்துவிட்டால் ஊசி, மாத்திரை நின்றுவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எலும்பு_வைத்தியன் எழுதியது:

மணிக்கு முன்னால் கத்தியைப் பற்றிப் பேசிவிடலாம். தொற்று நாள்பட்டால் எலும்பின் ஒரு பகுதி ரத்த ஓட்டம் இழந்து செத்துப்போகும். ரத்தத்தில் ஏற்றும் மருந்து ரத்தம் ஓடும் இடம்வரைதான் போகும். செத்த எலும்புக்குள்ளும் ராடின் மேற்பரப்பிலும் ரத்தம் ஏது? கிருமி அங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். ஊசியை நிறுத்தியதும் வெளியே வரும். தம்பிக்கு நடப்பது அதுதான்.

ஆகவே ராடை எடுத்து, செத்த எலும்பையெல்லாம் செதுக்கி, வெட்டிய முகத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசியும்வரை போக வேண்டும். பாப்ரிகா அறிகுறி என்று இதற்கு எங்களுக்குள் ஒரு பெயர் உண்டு. அந்த அளவு செதுக்கினால் உள்ளே ஒரு பொந்து மிஞ்சும். பொந்தில் ரத்தம் கட்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பித்த கிருமிக்கு அதைவிட நல்ல உணவு கிடையாது. மணியின் வேலை இரண்டு: பொந்தை அடைப்பது, தப்பியவற்றைக் கொல்வது. சரியாகச் செதுக்காத எலும்பில் எந்த மணியை வைத்தாலும் காசுக்குப் பிடித்த கேடு.

உங்கள் முதல் கேள்விக்கு நம்ம நுண்ணுயிரி வந்து எண்களோடு சொல்லட்டும்.

---

நுண்ணுயிரி எழுதியது:

கூப்பிட்டாச்சு, வந்தாச்சு.

மருந்து அதேதான், அளவு வேறு. எலும்புத் தொற்றில் அடிக்கடி வரும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை ஆய்வகத்துக் குழாயில் அடக்க வான்கோமைசின் ஒரு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவோ போதும். ரத்தத்தில் 15, 20 வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் போனால் சிறுநீரகம் தாங்காது. ஆனால் இந்த 2 என்பது தனித்தனியாக நீந்தித் திரியும் கிருமிக்கான கணக்கு. ராடு மீதோ செத்த எலும்பு மீதோ ஒட்டி, தன்னைச் சுற்றிப் படலம் கட்டிக்கொண்ட கிருமிக்கு நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு தேவைப்படும். ஊசியால் அந்த அளவை எட்ட நினைத்தால் கிருமிக்கு முன் நோயாளி போய்விடுவார். மருந்தை அந்த இடத்திலேயே வைத்தால் முதல் சில நாட்களுக்கு அங்கே தேங்கும் திரவத்தில் பல நூறு, சில வேளை ஆயிரத்துக்கும் மேல் கிடைக்கும். ரத்தத்தில் பார்த்தால் பெரும்பாலும் அளக்கவே முடியாத அளவுதான் இருக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டாக்டர் கத்தியை ஏன் அவ்வளவு வலியுறுத்துகிறார் என்பது இதில் புரியும். எலும்புக்குள் உயிரணுக்களை இணைக்கும் மயிரிழைக் குழாய்கள் உண்டு, ஒரு மைக்ரானைவிடக் குறுகியவை. ஸ்டாஃப் ஆரியஸ் உருண்டைக் கிருமி, குறுக்களவே ஏறத்தாழ ஒரு மைக்ரான். அது தன் உருவத்தை நெருக்கிக்கொண்டு இந்தக் குழாய்களுக்குள் நுழைந்து பெருகுவதை 2017இல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களோடு வெளியிட்டார்கள். நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்தச் சந்துக்குள் நுழையவே முடியாது. இதைப் பார்த்தபிறகு "நல்ல மருந்தா போட்டா சரியாயிடும்" என்று என்னால் யாருக்கும் சொல்ல முடிவதில்லை.

---

பாலிமர்_பட்டறை எழுதியது:

நான் டாக்டர் இல்லை, பொருள் அறிவியல்காரன். சிமென்ட் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெயர்தான் சிமென்ட். உண்மையில் அது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாகப் பிஎம்எம்ஏ. கண்ணாடிக்குப் பதில் போடும் அக்ரிலிக் தகடும் இதுவும் ஒரே குடும்பம். 1970இல் ஹாம்பர்க்கில் புக்ஹோல்ட்ஸ், எங்கெல்பிரெக்ட் இருவரும் செயற்கை மூட்டைப் பொருத்தும் பாலாகோஸ் சிமென்ட்டில் ஜென்டாமைசின் கலந்தால் மருந்து மெல்ல வெளியே வருகிறது என்று எழுதினார்கள். அதே பத்தாண்டில் கிளெம் என்ற ஜெர்மன் சர்ஜன் அதை உருண்டையாக்கிக் கம்பியில் கோர்த்தார். பின்னால் செப்டோபால் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு மணி 7 மில்லிமீட்டர். அதில் ஜென்டாமைசின் சல்ஃபேட் 7.5 மில்லிகிராம், அதாவது ஜென்டாமைசினாகக் கணக்கிட்டால் 4.5. ஆயத்த மணி கிடைக்காத இடங்களில் ஆபரேஷன் மேசையிலேயே சிமென்ட்டில் மருந்துத் தூளைப் பிசைந்து உருட்டுகிறார்கள்.

பிசைவதில்தான் சங்கதியே இருக்கிறது. பிஎம்எம்ஏ கெட்டியாகும்போது சூடேறும், 80 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டைத் தாங்குகிற மருந்துதான் உள்ளே போக முடியும். ஜென்டாமைசின், டோப்ராமைசின், வான்கோமைசின் மூன்றும் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். ரிஃபாம்பிசின் எலும்புத் தொற்றுக்கு அருமையான மருந்து. ஆனால் அதைச் சிமென்ட்டில் போட்டால் சிமென்ட்டே இறுகாமல் கொழகொழவென்று நிற்கும். பாலிமர் சங்கிலி வளரத் தேவையான ஃப்ரீ ராடிக்கல்களை அது விழுங்கிவிடும்.

அடுத்தது வெளியேற்றம். சிமென்ட் கரையாது. மேற்பரப்பிலும், மேற்பரப்போடு தொடர்புள்ள நுண்துளைகளிலும் உள்ள மருந்து மட்டும்தான் வெளியே வரும். போட்டதில் பத்தில் ஒரு பங்குகூட வராமல் போவது சாதாரணம். மீதி உள்ளேயே சிறைப்பட்டிருக்கும். அதனால் மேற்பரப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. ஒரே அளவு சிமென்ட்டைப் பாதி விட்டமுள்ள மணிகளாக உருட்டினால் மொத்த மேற்பரப்பு இரண்டு மடங்காகிவிடும். பெரிய கட்டியாக அடைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

இன்னொரு வேடிக்கை: மூட்டு பொருத்தும்போது வெற்றிடத்தில் கலப்பார்கள், காற்றுக்குமிழி இல்லாமல் உறுதியாக வரும். மணிக்கு அது வேண்டாம், துளை இருந்தால்தானே மருந்து வரும்! இரண்டு மருந்தைச் சேர்த்துப் போட்டால் தனித்தனியாகப் போட்டதைவிட இரண்டுமே கூடுதலாக வெளிவரும் என்பதும் தெரிந்த விஷயம். ஒன்று கரைந்து விட்டுப்போன துளை வழியாக இன்னொன்று வரும். டோப்ராமைசினையும் வான்கோமைசினையும் வைத்து 1990களிலேயே காட்டியிருக்கிறார்கள்.

---

அண்ணன்காரன் எழுதியது:

பத்தில் ஒரு பங்குதான் வருமா! அப்போ சிமென்ட்டை ஏன் இன்னும் வைக்கிறார்கள்? கரைகிறதையே எல்லோருக்கும் வைத்துவிடலாமே?

---

எலும்பு_வைத்தியன் எழுதியது:

அந்தப் பத்தில் ஒரு பங்கே முதல் சில நாட்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. தவிர, சிமென்ட்டுக்குக் கரையும் பொருளிடம் இல்லாத ஒரு குணம் உண்டு. அது தாங்கும். எலும்பு கூடாமல் தொற்றும் சேர்ந்திருந்தால் மெல்லிய கம்பிமேல் மருந்துச் சிமென்ட் பூசி ராடு மாதிரி செய்து உள்ளே விடுவோம். எலும்பு ஆடாமலும் இருக்கும், மருந்தும் கிடைக்கும். நீளமாக எலும்பு போய்விட்டால் அந்த இடைவெளியில் சிமென்ட் கட்டியை வைத்து 6 முதல் 8 வாரம் காத்திருந்தால் அதைச் சுற்றி ஒரு சவ்வு உருவாகும். சிமென்ட்டை எடுத்துவிட்டு அந்தச் சவ்வுப் பைக்குள் எலும்புத் துருவலை நிரப்பலாம். பிரெஞ்சு சர்ஜன் மாஸ்கெலே பெயரால் வழங்கும் முறை இது. தொற்றுள்ள செயற்கை மூட்டைக் கழற்றிவிட்டு இடைக்காலத்துக்கு வைக்கும் ஸ்பேசரும் சிமென்ட்தான். இந்த இடங்களில் கரையும் பொருளுக்கு வேலையில்லை.

எப்படியும் இரண்டாவது ஆபரேஷன் உண்டு என்று தெரிந்தால் சிமென்ட் வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. உங்கள் தம்பிக்கு எலும்பு கூடிவிட்டது. மணியை எடுப்பதற்காக மட்டும் இன்னொரு முறை திறக்க வேண்டுமா என்பதுதான் அங்கே கேள்வி.

கரையும் பொருள்களில் பழையது கால்சியம் சல்ஃபேட், சாட்சாத் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். 1892இலேயே டிரீஸ்மன் என்ற ஜெர்மானியர் அதில் ஃபீனால் கலந்து எலும்புப் பொந்துகளை அடைத்திருக்கிறார். பெனிசிலினுக்கெல்லாம் முன்னால்! இன்று வருவது மிகச் சுத்தமான வகை. ஆஸ்டியோசெட் டியில் டோப்ராமைசின் முன்பே கலந்திருக்கும். ஸ்டிமுலான் போன்றவற்றில் சர்ஜனே மருந்தைத் தேர்ந்து கலக்கிறார். கெட்டியாகும்போது பெரிய சூடு இல்லை, எனவே மருந்துப் பட்டியல் நீளம். பொருள் முழுக்கக் கரைவதால் மருந்தும் முழுக்க வெளிவரும். சில வாரங்களில் தொடங்கி இரண்டு மூன்று மாதத்துக்குள் மறைந்துவிடும்.

அது எலும்பு வளர்வதைவிட வேகமாகக் கரைந்துவிடுவதுதான் குறை. அதற்காக ஹைட்ராக்ஸிஅபடைட், அதாவது எலும்பில் உள்ள தாதுப்பொருள், சேர்த்த வகை வந்தது. செராமென்ட் ஜி என்பதில் 60 சதவீதம் கால்சியம் சல்ஃபேட், 40 சதவீதம் ஹைட்ராக்ஸிஅபடைட், மில்லிலிட்டருக்கு 17.5 மில்லிகிராம் ஜென்டாமைசின். முதலாவது கரைந்து மருந்தை விட, இரண்டாவது நின்று எலும்பு ஏறி வளரப் பந்தலாக இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு குழு 100 நோயாளிகளுக்கு ஒரே ஆபரேஷனில் இதைச் செய்து 2016இல் வெளியிட்டது. 96 பேருக்குத் தொற்று திரும்பவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022இல் எலும்புத் தொற்றுக்கு இதை அனுமதித்தது.

---

ஆதாரம்_எங்கே எழுதியது:

டாக்டர், 96 என்ற எண்ணைப் போட்டுவிட்டு அப்படியே தாண்டிப் போகாதீர்கள். அதில் ஒப்பிடுவதற்கு மறுகுழு கிடையாது. கைதேர்ந்த மையம், பிளாஸ்டிக் சர்ஜன் பக்கத்திலேயே நிற்கிறார், திட்டமிட்ட மருந்து. அந்தக் கைகளில் வெறும் டிபிரைட்மென்ட், அதாவது செத்த எலும்பைச் செதுக்குவது, மட்டும் செய்திருந்தால் எத்தனை வந்திருக்கும்? யாருக்கும் தெரியாது.

சிமென்ட் மணியையும் கால்சியம் சல்ஃபேட் மணியையும் சீட்டுக் குலுக்கி ஒப்பிட்ட ஆய்வு என்று நான் கையில் வைத்திருப்பது கனடாவில் மெக்கீ குழு 2010இல் வெளியிட்டது. மொத்தமே 30 பேர், இரண்டிலும் டோப்ராமைசின். தொற்று நீங்கியது இரண்டு பக்கமும் சமம், 86 சதவீதம். கரையும் மணி வைத்தவர்களுக்கு மறு ஆபரேஷன் குறைந்தது. அவ்வளவுதான் லாபம். சின்ன லாபம் இல்லை, ஆனால் "கிருமியைக் கூடுதலாகக் கொல்கிறது" என்று விளம்பரத்தில் போடுகிற லாபம் அதுவல்ல.

---

எலும்பு_வைத்தியன் எழுதியது:

மறுக்கவில்லை. நான் அதை வைப்பதே மறு ஆபரேஷனைத் தவிர்க்கத்தான்.

---

வார்டு_அக்கா எழுதியது:

பெரியவர்கள் பேசுகிற இடம், இருந்தாலும் அண்ணன்காரன் தம்பிக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லணும்னு எழுதுறேன். எலும்புத் தொற்று வார்டில் டிரெஸ்ஸிங் பண்றவ நான்.

கால்சியம் சல்ஃபேட் மணி வச்ச பலருக்குக் காயத்திலிருந்து தண்ணி மாதிரி, சில பேருக்குப் பால் கலந்த மாதிரி வெள்ளையா வடியும். மணி கரையுற திரவம் அது. சில நாளிலிருந்து சில வாரம் வரைக்கும் வடியும், அப்புறம் தானா நின்னுடும். இதைப் பார்த்துட்டு "ஐயோ, சீழ் திரும்ப வந்துடுச்சு"னு அழுதவங்க எத்தனையோ பேர். வேற இடத்துல காட்டினா அங்க இருக்கிறவங்களும் பயந்து காயத்தைத் திறந்து, உள்ள இருந்த மணியை அள்ளி வெளிய போட்டதையும் பார்த்திருக்கேன். அது வீண் ஆபரேஷன்.

அதுக்காக வடிஞ்சாலே ஒண்ணுமில்லைன்னும் விட்டுடக் கூடாது. நாத்தம் அடிச்சா, மஞ்சளா பச்சையா கெட்டியா வந்தா, சுத்தி சிவந்து சூடா இருந்தா, காய்ச்சல் வந்தா, வலி குறைஞ்சுக்கிட்டு வந்து திடீர்னு ஏறினா, அன்னைக்கே ஆபரேஷன் பண்ண டாக்டரைப் பாருங்க. டிஸ்சார்ஜ் சீட்டுல "கால்சியம் சல்ஃபேட் மணி வைக்கப்பட்டது, தேதி இது, மருந்து இது"ன்னு எழுதி வாங்கிடுங்க. வேற யார்கிட்ட போனாலும் அது உதவும்.

---

அண்ணன்காரன் எழுதியது:

அக்கா, கோடி நன்றி. இதை எங்களிடம் யாருமே சொல்லவில்லை.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

மருந்தாளுநர் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. "உள்ளே வைத்தது உள்ளேயே இருக்கும், உடம்புக்கு ஒன்றும் ஆகாது" என்று நினைக்க வேண்டாம். மணிகளில் பொதுவாக ரத்தத்துக்குப் போவது சொற்பம்தான். ஆனால் செயற்கை மூட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய ஸ்பேசர் வைக்கும்போது பல பொட்டலம் சிமென்ட், ஒவ்வொன்றிலும் கிராம் கணக்கில் ஜென்டாமைசினோ டோப்ராமைசினோ சேர்கிறது. 40 கிராம் சிமென்ட்டுக்கு 3.6 கிராம் டோப்ராமைசினும் 1 கிராம் வான்கோமைசினும் என்பது அதிகம் பழகிய கலவை. ஆயத்தமாக வரும் மூட்டுச் சிமென்ட்டில் மொத்தமே அரை முதல் ஒரு கிராம்தான், அது தடுப்புக்கான அளவு. பெரிய ஸ்பேசர் வைத்தவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் பாதித்திருக்கிறது. அவர்களுக்கே ஊசியிலும் வான்கோமைசின் ஓடுகிறது என்றால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை ரத்தத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும்.

கால்சியம் சல்ஃபேட்டை அதிகமாக நிரப்பினால் ரத்தத்தில் கால்சியம் கொஞ்ச நாள் ஏறலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

அப்புறம் எலும்பணுக்கள். வான்கோமைசின் மில்லிலிட்டருக்கு 1,000 மைக்ரோகிராம் வரை எலும்பு வளர்க்கும் அணுக்களை ஏறத்தாழ ஒன்றும் செய்வதில்லை, 10,000இல் கொன்றுவிடுகிறது என்று 1996இலேயே ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் பார்த்திருக்கிறார்கள். டோப்ராமைசின் 400லேயே பெருக்கத்தைத் தடுக்க ஆரம்பித்துவிடுகிறது. கூடப் போட்டால் கூட நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

---

நுண்ணுயிரி எழுதியது:

சிமென்ட் மணி பற்றி என் மனதை உறுத்துவது வேறொன்று, டாக்டர் கோபித்துக்கொள்ளக் கூடாது. முதல் வாரத்து வெள்ளத்துக்குப் பிறகு அது மாதக்கணக்கில் துளித்துளியாக மருந்தைக் கசியவிடும், கொல்லாத அளவில். கிருமியைக் கொல்லாமல் சீண்டிக்கொண்டே இருப்பது எதிர்ப்பாற்றலைப் பயிற்றுவிக்கும் வழி. மருந்து தீர்ந்த சிமென்ட், கிருமி ஒட்டிப் படலம் கட்ட வாகான இன்னொரு அந்நியப் பொருளாகவும் ஆகிறது. ஜென்டாமைசின் மணி வைத்தவர்களிடமிருந்து ஸ்டாஃப் ஆரியஸின் குறுவளர்ச்சி வகை கிடைத்ததை 1997இல் ஜெர்மனியிலிருந்து எழுதினார்கள். தட்டில் மிக மெதுவாக, ஊசிமுனை அளவில் வளரும். ஜென்டாமைசினுக்கு அசையாது. அணுக்களுக்குள் ஒளிந்துகொண்டு வருடங்கள் கழித்துத் திரும்பும். ஆய்வகத்தில் அவசரப்பட்டுத் தட்டை வீசினால் கண்ணில் படவே படாது.

எடுக்கிறேன் என்று சொல்லி வைத்து, நோயாளி நன்றாக இருக்கிறார் என்று அப்படியே விட்டுவிட்ட மணிகள்தான் என் கவலை.

---

எலும்பு_வைத்தியன் எழுதியது:

கோபமெல்லாம் இல்லை. எடுப்பதிலும் சிக்கல் உண்டு. வாரக்கணக்கில் விட்டால் சுற்றிலும் தழும்பும் எலும்பும் ஏறி மணியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் கம்பி அறுந்து வரும். சிமென்ட் மணி வைத்தால் எடுக்கும் தேதியும் அதே சீட்டில் இருக்க வேண்டும், அதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் மேலே சொன்ன தாங்கும் வேலைக்கு எனக்கு மாற்றுப்பொருள் காட்டுங்கள், நாளைக்கே விட்டுவிடுகிறேன்.

---

வேகமாய்_ஆறு எழுதியது:

இங்கே இன்னும் பழைய கதையே ஓடுகிறதே. இப்போதெல்லாம் உள்ளே மருந்து வைத்தால் ஊசி, மாத்திரை எதுவுமே தேவையில்லை என்று ஒரு காணொளியில் ஒரு டாக்டரே சொன்னார். ஆறு வாரம் ஊசி என்பதெல்லாம் ஏமாற்று.

---

ஆதாரம்_எங்கே எழுதியது:

காணொளி டாக்டர் இரண்டு ஆய்வுகளைப் பிசைந்து மூன்றாவதாக ஒன்றைச் சுட்டிருக்கிறார்.

முதலாவது ஓவிவா, 2019. பிரிட்டனில் 26 மையங்கள், 1,054 பேர். எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு முதல் ஆறு வாரம் ஊசியா மாத்திரையா என்று பிரித்தார்கள். ஓராண்டில் சிகிச்சை தோற்றது ஊசிக் குழுவில் 14.6 சதவீதம், மாத்திரைக் குழுவில் 13.2. ஆக, பொருத்தமான மாத்திரை இருந்தால் அதுவே போதும். மருந்தே வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது சொலாரியோ. ஆபரேஷனோடு உள்ளே ஆன்டிபயாட்டிக் வைத்தவர்களை மட்டும் எடுத்து, 7 நாளுக்குள் வெளி மருந்தை நிறுத்துவதையும் 4 வாரமோ அதற்கு மேலோ தொடர்வதையும் ஒப்பிட்டார்கள். குறுகியது பின்தங்கவில்லை. இது உண்மையிலேயே பெரிய செய்தி. ஆனால் சேர்க்கப்பட்டவர்கள் யார் என்பதைப் பாருங்கள்: நன்றாகச் செதுக்கி முடித்தவர்கள், உள்ளே வைத்த மருந்துக்கு அடங்கும் கிருமி உள்ளவர்கள். அரைகுறையாகச் சுரண்டிவிட்டு மணியையும் போட்டுவிட்டு மாத்திரையையும் நிறுத்தச் சொல்லும் சான்று எங்கும் இல்லை.

---

எலும்பு_வைத்தியன் எழுதியது:

இதற்கு என் ஓட்டு. அண்ணன்காரன், மருந்தை நிறுத்துவதைத் தம்பியின் சர்ஜனும் தொற்றுநோய் மருத்துவரும் முடிவு செய்யட்டும், காணொளி அல்ல.

---

பாலிமர்_பட்டறை எழுதியது:

யாரும் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவில்லையே. எனக்கு இதில் மிகப் பிடித்த பொருள் அதுதான். பின்லாந்தின் துர்க்கு நகரத்தில் உருவான எஸ்53பி4 என்ற உயிர்க்கண்ணாடி. எடையில் 53 பங்கு சிலிக்கா, 23 பங்கு சோடியம் ஆக்சைடு, 20 கால்சியம் ஆக்சைடு, 4 பாஸ்பரஸ் பென்டாக்சைடு. இதில் ஆன்டிபயாட்டிக்கே கிடையாது! உடல் திரவம் பட்டதும் சோடியம் அயனிகள் வெளியேறி, சுற்றுப்புறம் காரமாகும். அயனிகள் குவிவதால் சவ்வூடு அழுத்தமும் ஏறும். இரண்டும் சேர்ந்து கிருமியை வாழவிடாது. மேற்பரப்பில் ஹைட்ராக்ஸிஅபடைட் படிந்து எலும்பு வந்து ஒட்டும். பலவற்றுக்கும் அடங்காத கிருமிக்கு எதிராகவும் வேலை செய்யும், ஏனென்றால் காரத்தையும் உப்பழுத்தத்தையும் எதிர்க்கக் கற்பது மருந்தை எதிர்ப்பது போல் எளிதல்ல. கரைவது மிக மெதுவாக, வருடக்கணக்கில்.

மூட்டு மாற்றும்போது பூசும் ஹயலுரோனிக் அமிலக் கூழ்மம் ஒன்றும் உண்டு, மூன்று நான்கு நாளில் மருந்தை விட்டுவிட்டுப் போய்விடும். கொலாஜன் பஞ்சும் அப்படித்தான், இன்னும் வேகம். டைட்டானியத்தில் நானோ குழாய், கைட்டோசான், ஃபேஜ் வைரஸ் ஏற்றிய கூழ் என்று ஆய்வகங்களில் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தால் இழை நூறு பக்கம் போகும், வேண்டாம்.

---

எலும்பு_வைத்தியன் எழுதியது:

கண்ணாடியை நானும் வைத்திருக்கிறேன். சுற்றிலும் எலும்புச் சுவர் உள்ள பொந்துக்கு நன்று. அருகில் தசை மெலிந்து தோல் மட்டும் இருந்தால் எனக்குத் துணிவு வருவதில்லை, துகள்கள் வெளியே வந்துவிடும். கொலாஜன் பஞ்சை நம்பி ஏமாந்த துறைகள் உண்டு. 2010இல் இதய, குடல் ஆபரேஷன்களில் பெரிய ஆய்வுகள் வந்தன. நெஞ்செலும்புத் தொற்றில் பலன் இல்லை, குடல் ஆபரேஷன் காயத்தில் தொற்று கூடவே செய்தது.

வெறும் வான்கோமைசின் தூளைத் தூவுவதும் உண்டு, அது தடுப்புக்கு. முழங்கால், கணுக்கால் பக்கத்து முறிவுகளில் 980 பேரை வைத்து 2021இல் வந்த ஆய்வில் ஆழ்ந்த தொற்று 9.8லிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. குறைந்ததெல்லாம் வான்கோமைசினுக்கு அடங்கும், ஸ்டாஃப் போன்ற கிராம் பாசிட்டிவ் வகைகள்தான். மற்றவற்றில் மாற்றமே இல்லை. பொருள் எதுவானாலும் உள்ளே போகும் மருந்து அந்தக் கிருமிக்குரியதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

---

அண்ணன்காரன் எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நாளை சர்ஜனைப் பார்க்கிறோம். துளையிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்த கல்ச்சரில் சூடோமோனாஸ் என்று வந்திருக்கிறது. தம்பி இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறான். நான் என்னென்ன கேட்க வேண்டும்?

---

நுண்ணுயிரி எழுதியது:

தோல் துளையில் பஞ்சு வைத்து எடுத்ததை வைத்து மணிக்கு மருந்தை முடிவு செய்துவிடாதீர்கள். துளை வாயில் குடியேறியது ஒன்று, எலும்புக்குள் இருப்பது வேறொன்றாக இருக்கலாம். ஆபரேஷனின்போது வெவ்வேறு இடங்களிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவியால், ஐந்து துண்டுத் திசுவாவது எடுக்கச் சொல்லுங்கள். குறைந்தது இரண்டில் ஒரே கிருமி வந்தால் நம்பலாம். உடம்பில் காய்ச்சல், நச்சுநிலை இல்லையென்றால் ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக்கை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் கல்ச்சர் ஒன்றுமில்லை என்று வந்து எல்லோரையும் ஏமாற்றும்.

சூடோமோனாஸ்தான் என்று உறுதியானால் வான்கோமைசின் மட்டும் கலந்த மணியால் பயனில்லை. ஜென்டாமைசினோ டோப்ராமைசினோ வேண்டும், அதுவும் அந்தக் கிருமி அதற்கு அடங்குகிறதா என்று பார்த்து.

---

எலும்பு_வைத்தியன் எழுதியது:

ஆபரேஷன் அன்று கல்ச்சர் முடிவு கையில் இருக்காது, அதனால்தான் பலரும் வான்கோமைசினையும் ஜென்டாமைசினையும் சேர்த்தே கலக்கிறோம். இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலானவை உள்ளடங்கும். மற்றபடி கேட்க வேண்டியவை: ராடு இருந்த குழாய் முழுக்கச் சுரண்டுவீர்களா, சுரண்டியபின் எலும்பு தானாக நிற்குமா, மேலே தோல் மூடுமா அல்லது பிளாஸ்டிக் சர்ஜன் வேண்டுமா, மணி வைத்த இடத்தில் திரவத்தை உறிஞ்சும் டிரெயின் குழாய் போடுவீர்களா. கடைசிக் கேள்விக்குக் காரணம், அழுத்தமாக உறிஞ்சினால் மருந்து எலும்பில் தங்காமல் பாட்டிலுக்குப் போய்விடும்.

தம்பி புகைபிடிப்பவரானால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் அதையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சீர்னி, மேடர் இருவரும் 1985இல் வகுத்த பிரிவுமுறையில் எலும்பின் நிலைக்கு எவ்வளவு இடமோ நோயாளியின் உடல்நிலைக்கும் அவ்வளவு இடம். நான் மணியின் வகையைப் பற்றி யோசிப்பதைவிட அதைப் பற்றித்தான் அதிகம் யோசிப்பேன்.

---

அண்ணன்காரன் எழுதியது:

பார்த்துவிட்டு வந்தோம். கரையும் மணிதான் என்று முடிவு, இரண்டு மருந்தும் சேர்த்து. திசு மாதிரி ஐந்து எடுப்பதாக அவரே சொன்னார். மாத்திரையை அவர் மேற்பார்வையில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். வடிதல் பற்றிக் கேட்டதும் "யார் சொன்னது?" என்று சிரித்தார். அக்கா, உங்களைத்தான் சொன்னேன்.

ஒரே ஒரு சந்தேகம். மணி கரைந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

---

வார்டு_அக்கா எழுதியது:

எக்ஸ்ரேயில தெரியும் தம்பி. முதல் படத்துல முத்து முத்தா வெள்ளையா இருக்கும், அடுத்தடுத்த படத்துல மங்கிக்கிட்டே போகும். அந்த இடம் உடனே எலும்பா நிரம்பலைன்னு பயப்படாதீங்க, அதுக்கு ரொம்ப மாசம் ஆகும். சில பேருக்கு ஓரமா கொஞ்சம் பொந்து நிக்கும், வலி இல்லைன்னா டாக்டர் சும்மா கவனிச்சுக்கிட்டு வருவார். பழைய படத்தையெல்லாம் தூக்கிப் போடாம ஒவ்வொரு தடவையும் கையோட கொண்டு போங்க, ஒப்பிட்டுப் பார்க்கணும். டிரெஸ்ஸிங்கை வீட்டுல பிரிக்கிற மாதிரி இருந்தா எனக்குத் தனிச்செய்தி போடுங்க, எப்படின்னு சொல்றேன்.